தரவின் சாவி யார் கையில்?

2025 ஜூலை மாதக் கடைசியில் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் அலுவலர்கள் தங்கள் அலுவலக மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் திகைத்து நின்றனர். குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை அந்நிறுவனத்துடையது. இந்தியச் சட்டம் எதையும் அது மீறிவிட்டதாக யாரும் சொல்லவில்லை. சேவைக்கான உரிமக் கட்டணம் முழுவதும் செலுத்தப்பட்டிருந்ததாக நிறுவனம் கூறியது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் அதில் 49 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கு வைத்திருக்கிறது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அதன் மீது தடை விதித்திருந்தது. அந்தத் தடையை இந்திய மண்ணில் நிறைவேற்றி வைத்தது அமெரிக்க நிறுவனமான மைக்ரோசாஃப்ட். நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த ஓரிரு நாட்களில் சேவை மீண்டும் கிடைத்தது. அதற்குள் ஓர் உண்மை வெட்டவெளிச்சமாகிவிட்டது. பல ஆண்டுக் கடிதங்களும் ஆவணங்களும் அந்நிறுவனத்தின் சொத்து என்று ஏட்டில் இருந்தன. அவை இருந்த அறையின் சாவியோ வேறொருவரின் பையில் இருந்தது.

நயாராவுக்காகத் தொழிலாளி வர்க்கப் பத்திரிகை கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. உயர்நீதிமன்றத்துக்கு மூத்த வழக்கறிஞர்களை அனுப்பும் வசதி அதற்கு உண்டு. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, செயலியைத் திறக்கும்போது ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது’ என்ற ஒற்றை வரியைக் காணும் உணவு விநியோகத் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை. ஐந்தாண்டுகளாக அவர் சுமந்த பார்சல்களின் கணக்கு, வாடிக்கையாளர் தந்த நட்சத்திரங்கள், சம்பாதித்த தொகையின் பதிவு அனைத்தும் அந்த ஒரு வரியோடு மறைகின்றன. அவற்றை இன்னொரு நிறுவனத்திடம் எடுத்துச் சென்று ‘இதுவே எனது அனுபவச் சான்று’ என்று அவரால் காட்ட முடியாது. அவருடைய உழைப்பில் பிறந்த தரவு அவருடையதாக இல்லை.

இந்தப் பின்னணியில்தான், பயனாளரின் தரவு பயனாளரிடமே இருக்கட்டும் என்று சொல்லும் ஒரு தொழில்நுட்ப முயற்சியைக் கவனத்துடன் பார்க்க வேண்டியுள்ளது. கணினி வல்லுநர்களின் பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது, சரியல்ல. எல்லாச் சிக்கலையும் தீர்க்கும் மாமருந்து என்று கொண்டாடுவதும் சரியல்ல.

சர்வர் என்பது மாயப் பொருள் எதுவும் அல்ல. கேட்பவருக்குக் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் கணினி, அவ்வளவே. 1989இல் ஜெனீவா அருகேயுள்ள செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வலைத்தளத்தின் திட்டத்தை முன்வைத்தபோது, இணைப்பில் உள்ள எந்தக் கணினியும் வாசிக்கலாம், எந்தக் கணினியும் வெளியிடலாம் என்பதே அதன் அடிப்படை. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக அறிவித்தது. பொதுப் பணத்தில், பொது நிறுவனத்தில், உரிமத்தொகை இன்றிப் பிறந்தது அது. அந்தப் பொது நிலத்தின் மீதுதான் பிற்காலத்தில் சில நிறுவனங்கள் வேலி போட்டுக்கொண்டன. வெளியிடும் கணினிகள் அவற்றின் கிடங்குகளில் குவிந்தன. மக்கள் கையில் மிஞ்சியது திரை மட்டுமே.

நியூயார்க்கின் சட்டப் பேராசிரியரும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னணியாளருமான எபென் மோக்லன் 2010இல் ஆற்றிய உரை ஒன்றில் இதற்கு மாற்றாக ஒரு யோசனையைச் சொன்னார். கைக்கு அடக்கமான, மலிவான, குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு கணினி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் சர்வராக இருக்கட்டும். கடிதமும் படமும் உரையாடலும் அதில் தங்கட்டும் என்றார் அவர். அதிலிருந்து பிறந்ததே ஃப்ரீடம்பாக்ஸ். டெபியன் லினக்ஸ் மீது கட்டப்பட்ட இதன் வளர்ச்சியில் ஹைதராபாத்தைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள் ஊழியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தெலங்கானாவின் சில கிராமங்களில் ‘ஸ்வேச்சா’ அமைப்பின் தொண்டர்கள் இதைக்கொண்டு பொது இணைய இணைப்பு வழங்கிக் காட்டினர். பெர்னர்ஸ் லீயும் தாம் பெற்ற பிள்ளையின் கதியைப் பார்த்துச் சலித்து, சாலிட் என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதன்படி ஒவ்வொருவரின் தரவும் அவர் தேர்ந்தெடுத்த பெட்டகத்தில் இருக்கும். செயலிகள் விருந்தாளிகளைப் போல அனுமதி கேட்டு வந்து, வேலையை முடித்துவிட்டுப் போகும். பிடிக்காத செயலியை வெளியேற்றிவிட்டு வேறொன்றை அழைக்கலாம். பெட்டகம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதில் உள்ள கருத்து இந்திய விவசாயிக்குப் புதிதல்ல. அறுவடை செய்த நெல்லைத் தன் வீட்டுக் குதிரில் வைத்திருப்பவருக்கும், வியாபாரியின் கிடங்கில் இறக்கிவிட்டு ரசீதோடு திரும்புபவருக்கும் உள்ள வேறுபாடுதான் இது. கிடங்கு வியாபாரியுடையதாக இருந்தால் எடைக்கல்லும் அவருடையது. விலையும் அவர் சொன்னது.

இந்தியாவில் இந்தக் கிடங்குகள் யாருடையவை? 2020 ஏப்ரலில், ஊரடங்கில் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தபோது, ஃபேஸ்புக் நிறுவனம் 43,574 கோடி ரூபாய் கொடுத்து ஜியோ பிளாட்ஃபார்ம்ஸின் 9.99 சதவீதப் பங்கை வாங்கியது. மூன்று மாதம் கழித்து கூகுள் 33,737 கோடி ரூபாயுடன் வந்து 7.7 சதவீதம் பெற்றது. தரவுதான் புதிய எண்ணெய் என்று முகேஷ் அம்பானி மேடைகளில் பேசியதன் பொருள் இந்த வரவுகளில் விளங்கியது. இணைப்பு வழங்குபவரும், உரையாடல் தளத்தின் உடைமையாளரும், தேடுபொறியின் உடைமையாளரும் ஒரே மேசையில் அமர்ந்துவிட்டனர். 2021இல் வாட்ஸ்அப் தனது தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்று நாட்டு மக்களிடம் சொன்னது அந்தத் துணிவில்தான். இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் இதற்காக மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்ததோடு, வாட்ஸ்அப்பில் சேரும் தரவை விளம்பரத்துக்காகத் தன் பிற நிறுவனங்களுடன் ஐந்து ஆண்டுகளுக்குப் பகிரக் கூடாது என்றும் ஆணையிட்டது. ஓராண்டில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு ஐந்தாண்டுத் தடையை நீக்கிவிட்டது. மெட்டா போன்ற நிறுவனத்துக்கு 213 கோடி ஒரு செலவினம், தடைதான் வலிக்கும். வலிக்கும் பகுதி போய்விட்டது.

ஒன்றிய அரசு இதற்குச் சொல்லும் பதில் ‘சுதேசி’. 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சர் ஒருவர் தம் அலுவலகப் பணிகளை ஜோஹோவுக்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். சுமார் 12 லட்சம் ஒன்றிய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலும் அந்நிறுவனத்தின் தளத்துக்குச் சென்றுள்ளது. அரட்டை செயலிக்கும் சில வாரங்கள் பெரும் வரவேற்பு இருந்தது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்யும் ஒரு நிறுவனத்தின் திறமையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. வெளிநாட்டு அரசு ஒன்று விசையை அழுத்தி இந்தியாவை இருளில் தள்ளும் அபாயம் உண்மையானது. நயாராவே அதற்குச் சான்று. எனினும் ஒரு தனியார் முதலாளியிடமிருந்து இன்னொரு தனியார் முதலாளியிடம் கிடங்கு கைமாறுவதைத் தரவு விடுதலை என்று அழைக்க இயலாது. சர்வர் சென்னையில் இருந்தாலும் சியாட்டிலில் இருந்தாலும், சாவி பயனாளரிடம் இல்லையென்றால் அவர் குடக்கூலிக்காரரே. அரசின் சொந்தத் தேசியத் தகவலியல் மையம் பல்லாண்டுகள் நடத்திய மின்னஞ்சல் சேவையை வலுப்படுத்துவதற்குப் பதிலாகத் தனியாரிடம் ஒப்படைத்ததை சுதேசி என்று சொல்வது, பொதுத்துறை ஆலையை விற்றுவிட்டு வாங்கியவர் இந்தியர்தானே என்று ஆறுதல் சொல்வதற்கு ஒப்பாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த வரைவில் ஒரு முக்கியமான உரிமை இருந்தது. ஒருவர் தம் தரவைக் கணினி படிக்கக்கூடிய வடிவில் பெற்றுக்கொண்டு வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம் என்பது அது. ஐரோப்பாவில் 2018 மே முதல் இது சட்டப்படியான உரிமை. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு மசோதாவிலும் இருந்தது. அந்த மசோதா 2022இல் திரும்பப் பெறப்பட்டது. புதிதாக வந்த வரைவில் அப்பிரிவு காணாமல் போயிருந்தது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஒரு சில நாட்களில், எதிர்க்கட்சிகளின் ஆட்சேபங்களைப் பொருட்படுத்தாமல் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இல்லை. தன் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமைதான் கார்ப்பரேட்டுகளை உண்மையில் அச்சுறுத்துவது. அதைத்தான் சத்தமின்றி உருவிவிட்டார்கள்.

இச்சட்டத்தின் மற்ற அங்கங்களும் அதே குணம் கொண்டவை. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசின் கையில். தரவுப் பாதுகாப்பு வாரியத்தை நியமிப்பதும் ஒன்றிய அரசே. நிறுவனத்தின் அலட்சியத்தால் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்கு. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டமே ஏற்பாடு செய்கிறது. பொய்யான புகார் கொடுத்தால் சாதாரணக் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். இவற்றோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தி, தனிநபர் தகவல் என்ற பெயரில் அதிகாரிகள் எதையும் மறைக்க வழிசெய்தார்கள். இத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பதிவேட்டைக் கிராமசபையில் வாசித்துத் திருட்டைப் பிடிக்கும் சமூகத் தணிக்கை அடிபடுகிறது. மக்களின் தரவை அரசுக்கும் மூலதனத்துக்கும் திறந்துவிடும் அதே சட்டம், அரசின் தரவை மக்களுக்கு மூடுகிறது.

வீட்டுச் சர்வரின் எல்லைகள்

அப்படியானால் ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு சிறு கணினியை வைத்துக்கொண்டால் போதுமா? போதாது. இதை வெளிப்படையாகச் சொல்வது நல்லது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நண்பர்களில் சிலர் இந்த இடத்தில் வர்க்க யதார்த்தத்தை மறந்துவிடுகின்றனர்.

இந்தியாவின் உழைப்பாளி மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு இணையம் என்றால் கைப்பேசிதான். வீட்டுக்கு வரும் அகலக்கற்றை இணைப்பு இல்லை; இருக்கும் இடத்தில் மின்சாரம் நிற்காமல் வருவதில்லை. அகலக்கற்றை உள்ளவருக்கும் வேறொரு தடை உண்டு. இணைப்பு நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல சந்தாதாரர்களை நிறுத்தி வைக்கின்றன. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியிலிருந்து எவரும் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. சர்வர் நடத்தத் தனி முகவரி வேண்டுமென்றால் மாதாமாதம் கூடுதல் கட்டணம். நுகர்வதற்கு வசதியாகவும் வெளியிடுவதற்கு இடைஞ்சலாகவும் குழாயே அப்படிப் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆழ்துளைக் கிணறு வெட்டிக்கொள்ள முடிந்தவருக்குத் தண்ணீர்ப் பஞ்சம் தெரியாது. அதற்காகக் குடிநீருக்குத் தீர்வு வீட்டுக்கொரு ஆழ்துளைக் கிணறு என்று எந்த இடதுசாரியும் சொல்லமாட்டார்.

இரண்டாவது தடை உறவுகளின் வலை. 2019 அக்டோபரில் உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. ஹிட்லர் வணக்கம் செலுத்த மறுத்துக் கைகட்டி நின்ற ஒரு ஜெர்மன் தொழிலாளியின் புகழ்பெற்ற புகைப்படத்தை வைத்திருந்தது அவர் செய்த குற்றம். அந்தக் கோபத்தில் இந்தியாவிலிருந்து ஏராளமானோர், எவரும் சொந்த சர்வர் நடத்தக்கூடிய மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தனர். சில மாதங்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டனர். மென்பொருள் மோசமாக இருந்ததால் அல்ல. பேச வேண்டியவர்கள் பழைய இடத்தில் இருந்தார்கள். ஒருவரின் தரவை அவர் வீட்டுக்கு எடுத்து வரலாம். நண்பர்களையும் தோழர்களையும் வாடிக்கையாளர்களையும் அப்படி எடுத்து வர முடிவதில்லை. ஏகபோகத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது தடை அரசு. 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் தொடர்பாகத் தில்லி காவல்துறை விடியற்காலையில் பத்திரிகையாளர்கள், ஊழியர்கள் வீடுகளில் புகுந்து கைப்பேசிகளையும் மடிக்கணினிகளையும் அள்ளிச் சென்றது. தரவு வீட்டில் இருப்பது பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு அந்த விடியல் ஒரு பதில். சங்கேதப் பூட்டும் வேறிடத்தில் ஒரு பிரதியும் இல்லாத வீட்டுச் சர்வர், சோதனைக்கு வருபவருக்கு வேலையை எளிதாக்கும். அதே ஆண்டு மே மாதம் ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகின்றனர் என்று கூறி 14 செயலிகளை ஒன்றிய அரசு முடக்கியது. சொந்த சர்வரில் உரையாடல் நடத்த உதவும் எலிமென்ட், சர்வரே இல்லாமல் கருவிக்குக் கருவி பேசும் பிரையர் ஆகிய கட்டற்ற மென்பொருள்களும் அப்பட்டியலில் இருந்தன. நிறுவன அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதை மிரட்டிப் பணிய வைக்கலாம். மையமில்லாத மென்பொருளிடம் அது நடக்காது என்பதே ஆட்சியாளரின் எரிச்சல். வாடகைச் சர்வர் வழங்குவோர் வாடிக்கையாளர் பெயர், முகவரி விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் உத்தரவும் இதே பார்வையின் விளைவு.

இவற்றுக்கெல்லாம் மேல் ஒரு கொள்கைப் பிரச்சினை இருக்கிறது. ‘உன் தரவு உன் சொத்து’ என்ற முழக்கத்தைச் சிலிக்கான் பள்ளத்தாக்கின் ஒரு பிரிவினரும் எழுப்புகின்றனர். சொத்து என்றால் விற்கலாம் அல்லவா? பெட்டகத்தைத் திறந்து காட்டினால் இத்தனை ரூபாய் என்று பேரம் தொடங்கும். கடன் தேவைப்படும் ஏழை தன் மருத்துவக் குறிப்பையும் நடமாட்டத்தையும் முதலில் விற்பார். வசதியுள்ளவர் தனியுரிமையோடு வாழ்வார். வேறு எதுவும் இல்லாதவர் தன் உழைப்புச் சக்தியைச் ‘சுதந்திரமாக’ விற்கும் அதே சுதந்திரம் இது. நெல் உவமை இந்த இடத்தில் உடைகிறது. ஒரு மூட்டை நெல்லுக்குத் தனி விலை உண்டு. ஒருவருடைய தரவுக்குத் தனியாகப் பெரிய மதிப்பில்லை; கோடிக்கணக்கானோரின் தரவு சேரும்போதுதான் அதிலிருந்து லாபம் பிறக்கிறது. ஒரு தெருவின் நோய்ப் பதிவு அந்தத் தெருவின் அனைவருக்கும் உரியது. ஆகவே தரவு தனி உடைமை என்பதைவிட, அதன் மீது தனிமனிதருக்குக் கட்டுப்பாடும் சமூகத்துக்குப் பொது உரிமையும் வேண்டும் என்பதே சரியான நிலைப்பாடு.

விவசாயிகளின் நில ஆவணங்களையும் பயிர் விவரங்களையும் ஒன்று சேர்க்கும் அக்ரிஸ்டாக் திட்டத்துக்கு இது அப்படியே பொருந்தும். 2021இல் 6 மாநிலங்களில் 100 கிராமங்களில் சோதனை நடத்த வேளாண் அமைச்சகம் மைக்ரோசாஃப்டுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தபோது விவசாய அமைப்புகளும் மின்னணு உரிமை அமைப்புகளும் எதிர்த்தன. விவசாயி ஒவ்வொருவரும் தனித்தனியே ‘ஒப்புதல்’ பொத்தானை அழுத்தினார் என்பதால் விதை நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அந்தத் தொகுப்பு போய்ச் சேருவது நியாயமாகிவிடாது. ஒப்புதல் தர மறுத்தால் மானியம் தாமதமாகும் என்ற பயம் இருக்கையில் அந்த ஒப்புதலின் மதிப்பு என்ன?

சட்டத்தால் முடிந்தது, முடியக்கூடியது

கைவினைஞனின் தறி போல ஒவ்வொருவரும் தனிச் சர்வரில் ஒதுங்கிக்கொள்வது வழியில்லை என்றால், வழி எது? அதற்கான பதிலின் ஒரு பகுதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. 2011 ஜனவரியில் கைப்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் வந்தது. அதுவரை எண் நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. அதன் பிறகு நடைமுறையில் சந்தாதாரரின் சொத்தானது. எந்த நிறுவனத்தின் இணைப்பிலிருந்தும் எந்த நிறுவனத்தின் எண்ணுக்கும் பேசலாம் என்பதை இன்று யாரும் அதிசயமாகக் கருதுவதில்லை. ஒரு செய்திச் செயலியிலிருந்து இன்னொரு செயலிக்குக் கடிதம் போகக் கூடாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. லாபக் காரணம் மட்டுமே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் முதல் வாட்ஸ்அப் போன்ற பெருந்தளங்கள் பிற செயலிகளுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் அதே மாதம் வெளியான டிஜிட்டல் போட்டிச் சட்ட வரைவு இன்னும் சட்டமாகவில்லை.

தரவை எடுத்துச் செல்லும் உரிமை, தளங்கள் ஒன்றோடொன்று பேசியாக வேண்டிய கட்டாயம் ஆகிய இரண்டும் இருந்தால்தான் வீட்டுச் சர்வரோ கூட்டுறவுச் சர்வரோ உயிர் வாழும். இவை மட்டும் போதும் என்பதும் அல்ல. பணப் பரிமாற்றத்தில் யுபிஐ பொதுக் கட்டமைப்பாக இருக்கிறது. எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் பணம் போகிறது. ஆனாலும் வால்மார்ட்டின் ஃபோன்பேயும் கூகுள் பேயும் சேர்ந்து நான்கில் மூன்று பங்குக்கும் மேலான பரிமாற்றங்களை வைத்திருக்கின்றன. கதவைத் திறந்துவிட்டால் மூலதனம் தானாகவே சிறுத்துவிடாது. பொதுத்துறையும் கூட்டுறவும் அந்தக் கதவு வழியே உள்ளே வர வேண்டும்.

அது இயலாத காரியம் அல்ல. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2025இல் தன் 40,000க்கும் அதிகமான மின்னஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்டிடமிருந்து விடுவித்துக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. அது இடதுசாரி அரசும் அல்ல. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களே அதைக் கற்று, பராமரித்து வளர்த்தனர். 2023 ஜூனில் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய கே-ஃபோன், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைய இணைப்பை இலக்காக வைத்தது. இலக்கை எட்டுவதில் தாமதம் உண்டு என்றாலும் குழாய் பொதுச் சொத்தாக இருக்க முடியும் என்பதை அது நிறுவியது. 1925இல் பிறந்த ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் கோழிக்கோட்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்காவே நடத்துகிறது.

கேரள அனுபவத்தில் மறைக்கக் கூடாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் கோவிட் நோயாளிகளின் விவரங்களைத் தொகுக்க ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் அவசரமாகப் பயன்படுத்தப்பட்டது. பெயர் விவரங்களை மறைத்த பிறகே தரவைத் தர வேண்டும், மக்களின் ஒப்புதல் பெற வேண்டும் என்று உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. பிறகு அரசு தரவை சி-டிட் என்ற தனது நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. எதிர்க்கட்சிகள் அதை வைத்து நடத்திய அரசியல் வேறு விஷயம். நெருக்கடி வரும்போது பொதுத்துறையில் தயாராக ஒன்று இல்லையென்றால், இடதுசாரி அரசும் கார்ப்பரேட் கிடங்கின் வாசலில் போய் நிற்க நேரும் என்பது தயங்காமல் ஏற்க வேண்டிய படிப்பினை.

தொழிற்சங்கங்களுக்கு இதில் உடனடியாக ஒரு களம் இருக்கிறது. ராஜஸ்தானில் 2023இலும் கர்நாடகத்தில் 2025இலும் செயலித் தொழிலாளர்களுக்கான சட்டங்கள் வந்துள்ளன. கர்நாடகச் சட்டம் காரணமும் முன்னறிவிப்பும் இன்றிக் கணக்கை முடக்குவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. அடுத்த கோரிக்கை, பணிப் பதிவும் மதிப்பெண்ணும் தொழிலாளியோடு செல்ல வேண்டும் என்பதாக இருக்க வேண்டும். அந்தப் பதிவுகளைச் சங்கம் நடத்தும் சர்வரில் தொழிலாளர்கள் தாங்களே சேர்த்துவைத்தால், கூலி எப்படி வெட்டப்படுகிறது என்பதை நிறுவனத்தின் வாய்மொழியை நம்பாமல் நிரூபிக்கலாம். பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு உள்ள எடை வேறு.

இனி சொந்த வீட்டின் நிலைமை. கட்சியின் கிளைக் கூட்ட அழைப்பு முதல் மாவட்டக் குழு முடிவுகள் வரை வாட்ஸ்அப் குழுக்களில் போகின்றன. உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, வழக்கு விவரம், போராட்டத்தில் கைதானோர் பெயர்கள் எல்லாம் ஏதேனும் ஒரு தோழரின் தனிப்பட்ட கூகுள் கணக்கில் இருக்கின்றன. அவர் கைப்பேசி தொலைந்தாலோ, பறிக்கப்பட்டாலோ, அவரே வேறு பொறுப்புக்குப் போனாலோ அந்த ஏடு மூடிவிடுகிறது. முதலாளித்துவத் தளங்களை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றி, அந்தத் தீர்மானத்தை அதே தளத்தில் சேமித்துவைப்பதில் உள்ள முரண் அனைவருக்கும் தெரிந்ததுதான். மக்களைச் சந்திக்க மக்கள் இருக்கும் தளத்துக்குப் போகத்தான் வேண்டும். பிரச்சாரத்தை வாட்ஸ்அப்பிலிருந்து அகற்றச் சொல்வது அசட்டுத்தனம். அமைப்பின் உள் ஆவணங்கள் அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மாவட்ட அலுவலகத்தின் மூலையில் தூசி படிந்திருக்கும் பழைய கணினி ஒன்றில் நெக்ஸ்ட்கிளவுட் போன்ற கட்டற்ற மென்பொருளை நிறுவி, கோப்புகளையும் நாட்காட்டியையும் முகவரி ஏட்டையும் அதில் வைத்துக்கொள்ளலாம். அலுவலக வளாகத்துக்குள் பயன்படுத்துவதற்குத் தனி இணைய முகவரிகூட வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருள் அமைப்புகளிலும் மாணவர், வாலிபர் இயக்கங்களிலும் இதைச் செய்யத் தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சுவரொட்டி வடிவமைக்க மட்டும் அழைப்பது வீண். வட்டு முழுவதும் சங்கேதப் பூட்டுக்குள் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடுக்கும் பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். கடவுச்சொல் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கக் கூடாது. குழு முடிவு செய்த இருவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். மாநாட்டில் பொறுப்புகள் மாறும்போது வரவு செலவுப் புத்தகத்தையும் ரசீதுக் கட்டுகளையும் ஒப்படைக்கும் அதே நாளில் அந்தச் சாவியும் கைமாறியதாகக் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும்.